சிலேட்டு மாவு

பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம், எட்டுக் கால், மேலே பச்சைத் துணி. பில்லியர்ட்ஸ் மேசையைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் அது முழுக்க மரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். துணியை உரித்தால் உள்ளே இருப்பது கல். நம் பிள்ளைகள் அ, ஆ எழுதின அதே சிலேட்டுக் கல்தான். இது கட்டைவிரல் அகலத்துக்குத் தடிமனாக, ஐந்து பலகையாக இருக்கும். ஒவ்வொரு பலகையையும் தூக்க நான்கு ஆள் வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அந்தக் கல்லோடு இருபத்திரண்டு வருடம் மாரடித்தவர் மோசஸ். ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆடத் தெரியாது என்பது வேறு விஷயம். தெரிந்திருந்தால் மட்டும் யார் குச்சியைக் கையில் கொடுத்திருக்கப் போகிறார்கள்?

மோசஸின் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். மகன் சேற்றில் இறங்கக் கூடாது, கம்பெனி சட்டை போட வேண்டும் என்பது அவருடைய ஒரே வேண்டுதல். அது பலித்தது. சாம்பல் நிறச் சட்டை, பாக்கெட்டில் பெயர் வைத்துத் தைத்தது. கழுத்துவரை கல் தூசி படிந்துவிட்டால் அந்தச் சட்டைக்கும் உடம்புக்கும் வித்தியாசம் தெரியாது.

அங்கே மேஸ்திரி தணிகாசலம். சென்னையில் ஏதோ ஒரு கிளப்பில் மார்க்கராக, அதாவது ஆடுகிறவர்களுக்குப் புள்ளி எழுதுகிற ஆளாக, இளமையைக் கழித்துவிட்டு வந்தவர். டீ வேளையில் அவர் வாயைத் திறந்தால் மேசையின் ஜாதகமே வெளியே வரும். முதலில் வெள்ளைக்காரன் இதைப் புல்தரையில்தான் ஆடினானாம். மழையும் குளிரும் தாங்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்தானாம். புல்லை மறக்க முடியாமல் பச்சைத் துணி விரித்தானாம். மரப்பலகை ஒரு மழைக்காலம் தாங்காமல் வளைந்து கொடுக்கவே, வளையாத பொருள் எது என்று தேடிச் சிலேட்டுக் கல்லைக் கண்டுபிடித்தானாம். ஓரத்துக்கு ரப்பர் பிறகுதான் வந்ததாம். பந்துகளை யானைத் தந்தத்தில் கடைந்த காலமும் உண்டு. ஒரு யானை செத்தால் எட்டுப் பந்து தேறும் என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கே குரல் இறங்கிவிடும். யானை போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. கல்லுக்கு யார் போனார்கள் என்று அவரிடம் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஐந்து கல் என்றால் நான்கு இணைப்பு. மேசையின் உயிர் அந்த நான்கு இணைப்பில்தான் இருக்கிறது. பந்து ஒரு கல்லை விட்டு அடுத்த கல்லுக்குப் போவது பந்துக்கே தெரியக் கூடாது. கம்பெனி அப்போது வெளியூர் பசை ஒன்றை வாங்கி இடைவெளியில் பூசிக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலில் அது வெடித்துக்கொண்டது. ஒரு கிளப்பிலிருந்து மேசையையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பந்து நடுவில் துள்ளுகிறதாம். முதலாளி தணிகாசலத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார். தணிகாசலம் வந்து கூடத்தில் இருந்த எல்லோரையும் கட்டினார்.

அப்போதுதான் மோசஸுக்கு அந்த யோசனை வந்தது. பாழாய்ப்போன யோசனை. எந்தக் கல்லோ அந்தக் கல்லின் தூளையே மாவாகச் சலித்து, உருக்கிய தேன்மெழுகிலும் குங்கிலியத்திலும் குழைத்து இணைப்பில் அடைத்துப் பார்த்தார். ஆறினதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மேசையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பந்தை உருட்டினார். இணைப்பு இருந்தால் டிக் என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை. நான்கு தடவை உருட்டினார், வரவே இல்லை. தணிகாசலம் வந்து தானும் காதை வைத்துக் கேட்டார். அன்றைக்குக் கூடத்தில் எல்லோருக்கும் பிரியாணி.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. கல்லைத் தேய்க்கும் மெஷினில் தண்ணீர்க் குழாய் ஒன்று உண்டு. தூசி எழும்பாமல் இருக்க அதைக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் ஓடினால் தூள் சேறாகிவிடும், சேறு சலிக்காது. மோசஸ் சொல்லித்தான் குழாயை அடைத்தார்கள். தூள் மூட்டையாகச் சேர்ந்தது. அதைக் கூடத்தில் வைத்துச் சலித்தால் பறக்கிற மாவு அடுத்த பக்கம் விரித்து இழுக்கிற பச்சைத் துணியில் போய் உட்காரும். துணி வெளிநாட்டுக் கம்பளி. அழுக்கானால் தொலைந்தது. துணிக்கு ஒன்றும் ஆகக் கூடாது, இதை வேறெங்காவது வைத்துச் சலி என்றார் தணிகாசலம். மோசஸ் சைக்கிள் கேரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் ஷைனி. மோசஸின் மனைவி. கையில் ஒரு வேலை கிடைத்தால் சாப்பாட்டை மறந்துவிடுகிற ஜாதி. பழைய நைலெக்ஸ் புடவையை நான்காக மடித்து அண்டா வாயில் கட்டி, தூளைப் போட்டுத் தட்டித் தட்டிச் சலித்தாள். சாதாரணச் சல்லடை வழியாக விழுந்தது கரகரப்பாக இருந்தது. புடவைத் துணி வழியாக அண்டாவுக்குள் விழுந்ததுதான் மோசஸ் கேட்ட மாவு. முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி இருக்கும். காற்று அடித்தால் போய்விடும் என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னார் மோசஸ். ஃபேனையும் போடாதே என்றார். அவள் போடவில்லை. பதினோரு வருடம், வாரத்துக்கு இரண்டு மூட்டை, மூடின அறைக்குள் உட்கார்ந்து சலித்தாள். இருமல் வந்ததும் அதே புடவையில் ஒரு முழம் கிழித்து மூக்கில் கட்டிக்கொண்டாள். மேசைகள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் கோயம்புத்தூருக்கும் போயின. மோசஸும் கூடவே போனார். பத்து நாள், பதினைந்து நாள் அங்கேயே தங்கி ரசமட்டம் பார்த்துக் கல்லைப் பூட்டிவிட்டு வருவார். இந்த ஆள் அடைத்த இணைப்பைக் கண்டுபிடிக்க முடியாது என்று கிளப்காரர்கள் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிரும். பிறகு கம்பெனி புது மெஷின் போட்டது, டப்பாவில் அடைத்த புதுப் பசையும் வந்தது. மூட்டை நின்றது. இருமல் நிற்கவில்லை.

மூன்று வருடமாக ஷைனிக்கு மூச்சு சரியில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நெஞ்சில் புள்ளி புள்ளியாக இருந்தது. சளியில் கிருமி இல்லை என்றுதான் ரிப்போர்ட் வந்தது, ஆனாலும் டி.பி.யாக இருக்கலாம், மாத்திரை சாப்பிடட்டும் என்றார்கள். சீட்டில் வேலை என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதினார்கள். ஆறு மாதம் சாப்பிட்டாள். நிற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மாத்திரை அவளை உருக்கிவிட்டது, நோயை ஒன்றும் செய்யவில்லை.

டி.பி. என்ற சொல் தெருவில் நடக்கிற விதம் தெரிந்ததுதான். யாரும் ஒதுக்குவதற்கு முன்னால் ஷைனி தன்னைத் தானே ஒதுக்கிக்கொண்டாள். தனித் தட்டு, தனி டம்ளர், சுவரோரம் தனிப் பாய். சர்ச்சில் கடைசி பெஞ்சு. ஒரே மகள் ஏஞ்சலைக் கடம்பத்தூரில் பீட்டர் என்கிற ரயில்வே காண்ட்ராக்ட் பையனுக்குக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவராத குடும்பம் உண்டா? ஷைனி கூட்டிவரவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி என் பக்கத்தில் வரவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு பிரசவச் செலவுக்குப் பயந்த சம்பந்தி என்று பீட்டரின் அம்மா ஊரெல்லாம் சொன்னாள். பெண் குழந்தை பிறந்தது. எட்டு மாதமாகிறது. ஷைனி அந்தக் குழந்தையை இதுவரை தொட்டதில்லை. ஞானஸ்நானத்துக்குப் போய், சர்ச்சுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். செல்போனில் வீடியோ வரும். அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை ஏதும் மிச்சமில்லை. அந்தக் குழந்தையை ஒரு தடவை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது மாத்திரைச் சுற்றும் முடிந்த பிறகு சென்னையில் நெஞ்சுக்கென்றே இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் வாங்க மோசஸ் மட்டும் போனார். டாக்டரம்மா நடுத்தர வயது, பொறுமைசாலி. படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இவங்க என்ன வேலை செய்றாங்க என்று கேட்டார்.

"ஒரு வேலையும் இல்ல டாக்டர். சும்மா ஊட்லதான் கீறா."

"இது டி.பி. இல்லைங்க. கல் குவாரியில வேலை செய்றவங்களுக்கு வர்ற நோய் இது. வீட்ல இருக்கிறவங்களுக்கு எப்படி வந்தது?"

மோசஸ் சொன்னார். முதலில் பெருமையாகத்தான் ஆரம்பித்தார், அதுதான் கொடுமை. தண்ணீரை நிறுத்தியது, புடவையில் சலித்தது, ஜன்னலைச் சாத்தியது வரை வந்தபோது அவருடைய குரல் தானாகவே அடங்கிப் போனது. மூக்கில் துணி எதுவும் கட்டவில்லையா என்று டாக்டர் கேட்டார். கட்டினாள், சலிக்கிற புடவையிலேயே கிழித்துக் கட்டினாள் என்றார் மோசஸ். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அந்தத் துணி வழியாக எது கீழே விழுந்ததோ, அதுதானே உங்களுக்கு வேண்டியிருந்தது என்று மட்டும் கேட்டார். மோசஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அண்டாவுக்குள் விழுந்த மாவு மூக்குத் துணி வழியாக நெஞ்சுக்குள்ளும் விழுந்திருக்கிறது. இருமல் தாங்காமல் பெண்டாட்டி கட்டிக்கொண்ட துணியே அவளுக்குச் சல்லடையாகிவிட்டது.

இதற்கு மருந்து கிடையாது என்றார் டாக்டர். போன நெஞ்சு போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், பிறகு ஆக்ஸிஜன் தேவைப்படும். எழுந்து கதவு வரை வந்தவரைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். இது யாருக்கும் ஒட்டாது. பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கச் சொல்லுங்கள்.

சரி, ஓடிவந்து சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை இந்த மனுஷன். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். ஒட்டாது என்று சொன்னால் டி.பி. இல்லையா என்று கேட்பாள். டி.பி. இல்லை என்றால் வேறென்ன என்பாள். அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தன் கையால் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, தன் வாயால் ஜன்னலைச் சாத்தச் சொல்லி, தானே அவளுக்கு ஊட்டிவிட்டிருக்கிறார். அதை அவள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆனால் அவர் பயந்த ஒன்பது நாளும் அவள் தன் தட்டைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சொல்லாமல் கொள்ளாமல் ஏஞ்சல் குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள். கடம்பத்தூரிலிருந்து திருவள்ளூர், அங்கிருந்து ஊத்துக்கோட்டை, அங்கிருந்து இங்கே. குழந்தைக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. ஷைனி பார்த்த கணத்தில் அடுப்படிக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"மா, மூணு பஸ்ஸு மாறி வந்துகீறேன். தூரமா நின்னாவது பாரேன்."

"எடுத்துக்கினு போயிடு ஏஞ்சலு. கொழந்தைக்கு ஒட்டிக்கும்."

குழந்தை கதவை உள்ளங்கையால் தட்டிச் சிரித்தது. உள்ளே ஷைனி இருமுகிற சத்தம் கேட்டது. மோசஸ் நடுவில் நின்றார். ஒட்டாது என்ற ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். ஏஞ்சல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் அழுதுகொண்டே திரும்பினாள். ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடும்போது, நைனா, அம்மாவுக்கு எம்மேல இன்னா கோவம் என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்தால் ஷைனி குழந்தை தட்டின கதவை டெட்டால் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மோசஸ் எல்லாவற்றையும் சொன்னார். நின்றபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல், கடகடவென்று சொன்னார். டி.பி. இல்லை, கல் மாவு, நான் கொண்டுவந்தது, ஒட்டாது, ஒன்பது நாளாகத் தெரியும். அவள் திட்டுவாள், வாரியக்கட்டையை எடுப்பாள் என்று எதிர்பார்த்தார். எடுத்திருந்தால் தேவலை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்போ ஏஞ்சலு?" என்றாள்.

"அதான் சொல்றனே, ஒட்டாது. பாப்பாவ நீ தூக்கலாம்."

"அதக் கேக்கல. அவ நெஞ்சு?"

அவருக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். மோசஸ் வெளியூர் போகிற நாளெல்லாம், திரும்பி வரும்போது மாவு தயாராக இருக்க வேண்டுமே என்று, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஏஞ்சல்தான் அண்டாவின் எதிரே உட்கார்ந்து சலித்திருக்கிறாள். லீவு நாளில் முழு மூட்டையும் அவள்தான். பத்து வயதிலிருந்து கல்யாணத்துக்கு முந்தின வருடம் வரை.

"என் கையவிட அவ கை வேகம். ஒனக்கு ஆச்சரியமா இருக்கணும்னு அவ சலிச்சத சொல்லல. நானே சலிச்சேன்னு சொல்லிக்கினேன்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "போன வாரம் போன்ல சொல்றா, படி ஏறினா நெஞ்ச அடைக்குதாம். புள்ள பெத்த ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்னு நான் சொன்னேன்" என்றாள்.

ஒரு மனுஷனுக்கு ஒரு நாளில் எவ்வளவுதான் தாங்கும்? மோசஸ் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்றுகொண்டார். அழுகைகூட வரவில்லை. இத்தனை ஊர் கிளப்புகளில் எந்த இணைப்பும் தெரியாமல் மழமழவென்று கிடக்கிற மேசைகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. இந்த மேசையின் மாவு யார் சலித்தது, அந்த மேசையின் மாவு யார் சலித்தது என்று அவருக்குக் கணக்குத் தெரியாது. இனிமேல் தெரியப்போவதுமில்லை.

ஷைனிதான் போன் போட்டாள். ஒன்றையும் விளக்கவில்லை. புதன்கிழமை காலையில் திருவள்ளூருக்கு வா, நெஞ்சுப் படம் எடுக்கணும், மாப்பிள்ளையையும் கூட்டிக்கினு வா என்றாள். மிச்சத்தை நேரில் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்று மோசஸிடம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாளும் அவள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள். ஒரே வித்தியாசம், தன் தட்டை எடுத்து எல்லாத் தட்டோடும் சேர்த்து அடுக்கினாள்.

திருவள்ளூர் ஸ்கேன் சென்டரில் நல்ல கூட்டம். ஏஞ்சலும் பீட்டரும் குழந்தையோடு ஒரு பெஞ்சில் இருந்தார்கள். ஷைனி பழக்க தோஷத்தில் எதிர்ப் பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்தாள். ஏஞ்சல் அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை, கோபம் தீரவில்லை. பணம் கட்டப் பீட்டர் கீழே போன நேரம் பார்த்து ஏஞ்சலின் பெயரைக் கூப்பிட்டார்கள். குழந்தையை உள்ளே கொண்டுவரக் கூடாது, யாரிடமாவது கொடுத்துவிட்டு வாங்க என்றாள் அங்கிருந்த நர்சு. ஏஞ்சல் அப்பாவிடம் நீட்டினாள். அதற்குள் ஷைனி எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடு. எனக்குக் கீறது ஒட்டற நோவு இல்ல."

ஏஞ்சல் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மோசஸ் தலையை ஆட்டினார். அவள் குழந்தையைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் புரியாமல், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். கதவு மூடிற்று. ஷைனி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டு மாதம் காத்திருந்த சந்தோஷம் இப்படியா வர வேண்டும்? குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தது. அவள் அதன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மேல்மூச்சு வாங்கியது, ஆனாலும் விடவில்லை.

அரை மணி கழித்து, பீட்டர் இன்னும் கீழே வரிசையில் நிற்கும்போதே, உள்ளே இருந்த டாக்டர், பேஷண்ட் கூட வந்தவங்க ஒருத்தர் வாங்க என்றார். ஷைனி நிமிர்ந்து மோசஸைப் பார்த்தாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள்.

"நீயே போய்க் கேட்டுக்கினு வா. ஒம்போது நாளு வெச்சிக்காத. இப்பவே வந்து சொல்லு."

மோசஸ் போனார். வெளிச்சத்தில் மகளின் நெஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் விரலால் மேல்பக்கம் இரண்டு ஓரத்தையும் காட்டினார். பொடிப் பொடியாக, ரவை சிந்தினாற்போல. ஆரம்பம்தான், பயப்படாதீங்க என்றார். சென்னையில் பார்த்த படத்தை மோசஸ் மறந்துவிடவில்லை. டாக்டர் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே வந்தார். குழந்தை ஷைனியின் தோளில் தூங்கிப்போயிருந்தது. அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இருக்குது ஷைனி" என்றார்.